ஒருத்தருக்கும் கேக்காத இடம்

தந்தியரைப் பற்றிக் கதைக்கிறவை எல்லாரும் முதல் சொல்லுறது, "பாவம், நல்ல மனிசன், ஆனா மூளை கொஞ்சம் தட்டினது" எண்டுதான். எனக்கு அதைக் கேட்டா பத்திக்கொண்டு வரும். தட்டினதாம்! அந்த ஆள் தன்ர வயலுக்குத் தானே தண்ணி கட்டி, தானே களை பிடுங்கி, தானே உலை வைச்சுச் சாப்பிட்டு, ஒருதற்ற சோலிக்கும் போகாமல் இருந்தவர். உண்மையாய்த் தட்டின ஆக்கள் எங்கட கொலனியில வேற கனபேர் இருந்தவை. பேர் சொன்னா அவையின்ர பேரப்பிள்ளையள் சண்டைக்கு வருவினம், விடுங்கோ.

அவரின்ர பேர் யோகலிங்கம். ஊர் காரைநகர். தபால் கந்தோரில தந்தி அடிச்ச ஆள் எண்டபடியால் தந்தியர். பெண்சாதி முதல் பிள்ளைப்பேற்றில பிள்ளையோட போய்ச் சேர, உத்தியோகத்தை விட்டிட்டு, இரணைமடுக் குளத்துத் தண்ணி பாயிற காணியில எங்களோட ஒண்டாய் வந்து குடியேறினவர். எங்கட வளவுக்கும் அவரின்ர வளவுக்கும் நடுவில ஒரு வாய்க்கால் மட்டும்தான்.

நான் கமலாசனி. அளவெட்டியில பிறந்து, வீரகத்தியைக் கலியாணம் முடிச்ச குற்றத்துக்குக் காட்டுக்கு வந்தவள். ஊரில எண்டா வேலிக்கு மேலால எட்டிப் பாத்தா நாலு முகம் தெரியும், நாலு கதை வரும். இஞ்ச எட்டிப் பாத்தா வாய்க்கால், அங்கால தந்தியரின்ர லாம்பு, அதுக்கங்கால காடு. எங்களுக்குப் பிள்ளை குட்டியும் இல்லை. பொழுதுபட வீரகத்தி சோத்தைக் கட்டிக்கொண்டு வயல் காவலுக்குப் போயிடுவார். பண்டி ஒரு பக்கம், யானை ஒரு பக்கம், ஆள் போகாமல் இருக்கேலாது. நான் கதவைச் சாத்திப்போட்டு ரேடியோவுக்கு முன்னால இருப்பன். ஒரு வருசம் வெள்ளாமை நல்லா விளைஞ்சு, அந்தப் புழுகத்தில வாங்கின ரேடியோ அது. அதுவும் இல்லையெண்டா நான் சுவரோட கதைச்சிருப்பன்.

தந்தியர் வந்த புதிசில முற்றத்துப் பாலை மரத்தில ஏறிச் செப்புக் கம்பி ஒண்டு கட்டினார். மற்றத் தலைப்பைத் தூரத்தில நிண்ட பனையில கட்டினார். பிறகு பழைய நாகத் தகரத்தை வாய்க்கால் சேத்துக்குள்ள தாட்டு, அதில இருந்தும் ஒரு கம்பி. கண்டறியாத கம்பியெல்லாம் என்னத்துக்கு எண்டு வீரகத்தி பாக்கப் போனார். எனக்கும் விடுப்புப் பாக்க ஆசை, பின்னால போய் வாசல் கப்புத் தூணோட சாஞ்சு நிண்டனான். மேசையில ஒரு பெட்டி, காருக்குப் போடுற பற்றரி ஒண்டு, தந்தி அடிக்கிற கட்டை. அரசாங்கம் லைசென்ஸ் குடுத்து, ஆகாயத்தில இவருக்கெண்டு ஒரு இலக்கமும் குடுத்திருக்காம். ஆசைக்குச் செய்யலாம், காசுக்குச் செய்யக் கூடாதாம்.

வீரகத்தி கேட்டார்: "ஏன் அண்ணை, உலகமெல்லாம் எட்டுற சிற்றலை இருக்கேக்க, நீங்கள் என்னத்துக்கு மத்திய அலைப் பக்கம் நிண்டு மினைக்கெடுறியள்?"

தந்தியர் சிரிச்சார். "சிற்றலை துள்ளிப் பாயும் தம்பி. இஞ்ச அடிச்சா மேல போய் ஐரோப்பாவில விழும். ஐரோப்பாவில எனக்கு ஆர் இருக்கினம்? மத்திய அலை தவண்டு போகும். வயலுக்குள்ளால, காட்டுக்குள்ளால நிலத்தைப் பிடிச்சுக்கொண்டு போய்க் கடற்கரையில, நாயாத்தில ஏறும். எனக்கு நாயாறுதான் வேணும்."

நாயாத்தில யாகப்பு இருந்தவர். தந்தியரோட ஒரே கந்தோரில, பக்கத்துக் கதிரையில இருந்து தந்தி அடிச்ச ஆள். தகப்பன் ஏலாமல் போக, வலையையும் தோணியையும் பாக்கவெண்டு ஊருக்குத் திரும்பினவர். அவரிட்டையும் இதே மாதிரி ஒரு பெட்டி. பெண்சாதியின்ர செத்தவீட்டில தந்தியருக்குப் பக்கத்தில மூண்டு நாளாய் வாய் திறவாமல் இருந்தது யாகப்பு ஒருத்தர்தானாம். "ஆறுதல் சொல்ல வந்தவை எல்லாம் கதைச்சுக் கதைச்சு என்னைக் கொண்டுபோட்டினம், அவன் மட்டும் சும்மா இருந்தவன்" எண்டு சொன்னார்.

அலையைப் பிடிச்சு வைச்சிருக்கிறது ஒரு கல்லு. கிறிஸ்ரல் எண்டுவார். தபால் முத்திரையிலும் சின்னன், கற்கண்டை மெல்லிசாய்ச் சீவின மாதிரி. கல்லு எந்த இடத்தில நிக்குதோ, ஆளும் அந்த இடத்திலதான் நிக்கவேணும். ரேடியோ முள்ளை நாங்கள் திருகிற மாதிரி அங்கை இஞ்சை ஓடேலாது. ஆயிரத்து எண்ணூறு கிலோசைக்கிளுக்கு மேல எங்கையோ ஒரு புள்ளி எண்டார். சைக்கிள் எண்டா எனக்கு வீரகத்தியின்ர சங்கிலி கழருற சைக்கிள்தான் தெரியும். நான் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனான்.

அந்தப் புள்ளியைத் தெரிவு செய்யிறதுக்குத்தான் அந்த ஆள் பட்ட பாடு. கப்பல்காரர் கதைக்கிற இடம் ஆகாது. இந்தியாப் பக்கத்து இரைச்சல் விழுகிற இடம் ஆகாது. எல்லாத்திலும் பெரிய தலையிடி யாகப்புவின்ர பெட்டி. உப்புக்காத்தில அதின்ர முள்ளுத் திருகிற சக்கரம் கறள் பிடிச்சு இறுகிப்போச்சு. ஒரு விரற்கடை அளவுதான் அசையும். அந்த ஒரு விரற்கடைக்குள்ள தந்தியர் போய் நிக்கவேணும்.

கண்ணாடித் துண்டில தண்ணி விட்டு, எமரித் தூள் போட்டு, கல்லை வைச்சு விரல் நுனியால எட்டுப் போட்டு எட்டுப் போட்டுத் தேய்ப்பார். கழுவுவார், பெட்டியில செருகுவார், கேப்பார், திரும்பவும் தேய்ப்பார். தேய்க்கத் தேய்க்கக் கல்லு மெலியும், மெலிய மெலிய அலை மேல ஏறும். ஒரு சொட்டுக் கூடத் தேய்ச்சாப் போச்சு, கீழ இறக்க வழியில்லை. உள்ளங்கையில ஒட்டிக்கொண்டிருக்கிற கல்லைப் பாத்து மூச்சையும் அடக்கிக்கொண்டு இருப்பார். எனக்கு அந்தாளில மதிப்பு வந்தது அண்டைக்குத்தான். தன்ர சிநேகிதனுக்குக் கேக்கவேணும் எண்டு இப்பிடி ஒரு கல்லைத் தேய்க்கிற ஆள் எனக்கு ஊரிலயும் இல்லை, காட்டிலயும் இல்லை.

ஒருநாள் பொழுதுபட்டு, விளக்கு வைச்சுப்போட்டு ரேடியோவில பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறன். பாட்டுக்கு நடுவில கேத்தில் கொதிக்கத் துவங்கிற மாதிரி மெல்லிசாய் ஒரு விசில். விட்டு விட்டு, நீட்டி, குறுக்கி. முதல் ரேடியோப் பற்றரி இறங்கிப்போச்சாக்கும் எண்டு நினைச்சன். பிறகு யன்னலால பாத்தா தந்தியரின்ர லாம்பு. அது எரியிற நேரம் விசில் வருது, அணைஞ்சா விசிலும் இல்லை. எனக்கு விளங்கிட்டுது. அயலில ரேடியோ வைச்சிருந்த மற்ற வீடுகளிலயும் வந்திருக்கும். அவையள், "உது ஸ்ரேசன்காரற்ற இரைச்சல்" எண்டு முள்ளைக் கொஞ்சம் தள்ளி வைச்சுக் கேட்டவை. நான் ஒருதருக்கும் சொல்லேல்லை, வீரகத்திக்கும் சொல்லேல்லை. ஏன் சொல்லவேணும்? பொழுதுபட்டால் எனக்கெண்டு வாற ஒரே சத்தம் அதுதான்.

அந்தப் பாசை எனக்குத் தெரியாது. ஆனா ஆளைத் தெரியும். தந்தியர் அடிப்பார், பிறகு விசில் நிண்டுபோகும். அந்த நேரம் யாகப்பு கதைக்கிறார் எண்டு அர்த்தம். நாயாறு தூரம், யாகப்புவின்ர அடி என்ர ரேடியோவுக்கு வராது. திரும்பத் தந்தியர் துவங்கிற விதத்தில நான் பிடிச்சிடுவன். படபடவெண்டு துவங்கினா யாகப்பு பகிடி விட்டிருக்கிறார். ஆறுதலாய்த் துவங்கினா கடலில மீன் இல்லை. வாய்க்காலில தண்ணி நிறைய ஓடுற நாளில விசில் நல்லாய் ஊண்டிக் கேக்கும். சேத்துக்குள்ள தாட்ட தகரம் நல்லாய் நனையோணுமாம். குளத்தில தண்ணி பூட்டி வாய்க்கால் காய்ஞ்ச காலத்தில நாயாறு வரைக்கும் போகாது, தந்தியர் வாளியில அள்ளித் தகரத்துக்கு ஊத்துவார். அதைப் பாத்துத்தான் சனம் தட்டினது எண்டு முடிவு கட்டினது.

ஒரு மார்கழியில, தந்தியர் கூப்பிடுறார், நிப்பாட்டுறார், கூப்பிடுறார், நிப்பாட்டுறார். அடுத்த நாளும் அப்பிடித்தான். அதுக்கடுத்த நாள் கையில ஒரு தடுமாற்றம். நான் சோத்தை மூடி வைச்சிட்டு ரேடியோவுக்கு முன்னால இருந்தன். நாயாத்துக் கருவாட்டு வியாபாரி சைக்கிளில வந்துதான் சேதி சொன்னவன்: யாகப்பருக்கு நெஞ்சு வருத்தம் வந்து, அடக்கம் பண்ணியும் முடிஞ்சுதாம். ஊருக்கெல்லாம் சாவுத் தந்தி அடிச்ச மனிசனுக்கு ஒரு தந்தி குடுக்க ஆள் இல்லாமல் போச்சு, பாத்தியளோ. தந்தியர் வியாபாரிக்குத் தேத்தண்ணி வைச்சுக் குடுத்து அனுப்பிப்போட்டு, வரம்பில போய்க் குந்திக்கொண்டு இருந்தார்.

பிறகு கொஞ்ச நாள் லாம்பு எரியேல்லை. திரும்ப எரிஞ்சபோது அடி மாறிப்போச்சு. ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கிறது, பிறகு நிப்பாட்டிப்போட்டுக் காத்திருக்கிறது. வீரகத்தி வாய்க்காலடியில கண்டு கேட்டிருக்கிறார், "இப்ப ஆரைக் கூப்பிடுறியள் அண்ணை?" எண்டு.

"ஆரையும் எண்டில்லைத் தம்பி. பொதுவாய்க் கூப்பிடுறன். கேக்கிற ஆள் ஒருத்தர் எங்கையெண்டாலும் இருந்தால் காணும்."

வீரகத்தி இதைச் சோறு தின்னேக்க சும்மா சொல்லிப்போட்டுக் காவலுக்குப் போயிட்டார். எனக்குக் கண்ணீர் வந்திட்டுது. அண்டையில இருந்து அந்தாள் நிப்பாட்டிக் காத்திருக்கிற நேரமெல்லாம் நானும் ரேடியோவுக்கு முன்னால காத்திருப்பன். பதில் சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை. தனியாய் இருக்கிற ஆம்பிளையிட்டைப் போய், "அண்ணை, உங்கட சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் நான் பொழுது போக்கிறன்" எண்டு என்னெண்டு சொல்லுறது? பின்வளவு இளையதம்பியின்ர மனிசிக்கு அது காணும், ஒரு போகம் முழுக்க அதையே வைச்சு வறுப்பா.

ஒருக்கா அவரின்ர அடி இழுபட்டு இழுபட்டு வந்தது. உது காய்ச்சல்காரன்ர கையெண்டு எனக்கு விளங்கிப்போச்சு. விடியக் கஞ்சி காய்ச்சி, மல்லித்தண்ணியும் அவிச்சு வீரகத்தியிட்டைக் குடுத்து அனுப்பினன். தந்தியர் கேட்டாராம், தனக்குச் சுகமில்லையெண்டு ஆர் சொன்னது எண்டு. வீரகத்திக்கும் தெரியாது, "கமலம் சொன்னவள், குடியுங்கோ" எண்டாராம்.

எல்லாத்தையும் கெடுத்தது நல்லூர்த் திருவிழா. சிறுபோக நெல்லு முத்தி நிக்கிற நேரம், வயலை விட்டிட்டு ஒருதரும் யாழ்ப்பாணம் போகேலாது. அதால ரேடியோவில நேர்முக வருணனை போற நாளில, ரேடியோவுக்கு விபூதி பூசி, பூ வைச்சு, தேங்காய் உடைச்சு, கற்பூரம் கொளுத்தித்தான் கேப்பம். சிரிக்காதேங்கோ. ஊருக்குப் போகேலாதவைக்கு அது சுவாமி வாற பாதை. அந்த வருசம் நல்லூரில கார்த்திகை நட்சத்திரத்தண்டைத் திருவிழாவுக்கு எங்கட ரேடியோவிலதான் புதுப் பற்றரி, அயல் முழுக்க எங்கட முற்றத்தில. சுவாமி வெளியில வாறார், அரோகரா எண்டு சனம் கத்துது, இஞ்ச இளையதம்பி கற்பூரத்தட்டைத் தூக்கிறார், பீங்கெண்டு விசில் துவங்கிச்சுது. முள்ளைத் தள்ளி வைச்சாலும் போகேல்லை. பிந்தி விதைச்சவைக்கெண்டு வாய்க்கால் நிறையத் தண்ணி விட்ட நாள் அது.

இளையதம்பி வெத்திலை துப்ப வெளியில போனவர், தந்தியரின்ர யன்னலைப் பாத்துப்போட்டு அப்பிடியே நிண்டார். "இஞ்ச ஓடி வாங்கோ! அந்தாளின்ர கை ஆடுற மாதிரித்தான் இஞ்ச விசில் அடிக்குது!" எண்டு கத்தினார். பிறகென்ன. கும்பிட வந்த சனம் கும்பிடுறதை விட்டிட்டுத் தந்தியரைத் திட்டத் துவங்கிச்சுது. சுவாமிக்குக் குறுக்க விசில் அடிக்கிறானாம், செத்த வேதக்காரன் யாகப்புவோட கதைக்கிறானாம். நாக்குக்கு எலும்பில்லைத்தானே.

அடுத்த நாள் ஆம்பிளையள் போய்ச் சொல்ல, அந்த மனிசன் பொழுதுபட முதல் வீடு வீடாய் வந்தார். எங்கட வாசலில நிண்டு கையெடுத்துக் கும்பிட்டார். "தம்பி, தங்கச்சி, சத்தியமாய் எனக்குத் தெரியாது. நான் நிக்கிற இடம் உங்கட பாட்டுக்கு எவ்வளவோ மேல. ஆனா கிட்ட இருக்கிற வீட்டு ரேடியோ சிலது ஏமாந்துபோய், அதைக் கீழ ரெண்டாவது இடத்திலயும் பிடிச்சுக் காட்டும். நான் அதை யோசிக்காமல் விட்டிட்டன். யாகப்புவுக்குத் தோதான இடம் எண்டுதான் அதில நிண்டனான். அவனும் போயிட்டான். இனி நான் அதில நிண்டு ஆருக்கு? சப்பறத் திருவிழாவுக்கு முதல் கல்லைத் தேய்ச்சு இடத்தை மாத்திப்போடுறன்."

"எனக்கு!" எண்டு கத்தவேணும் போல இருந்தது. வீரகத்தி பக்கத்தில நிண்டு, "அதுக்கென்ன அண்ணை, நீங்கள் பெரிய மனிசன்" எண்டார். நான் தேத்தண்ணி வைக்கிற சாட்டில குசினிக்குள்ள போயிட்டன்.

ஒருநாள் பொறுத்தன். அதுக்கு மேல ஏலாமல் போச்சு. பட்டப்பகலில, வீரகத்தி நெல்லு அருவிவெட்டுக்குப் போனாப் பிறகு, வாய்க்காலைக் கடந்து நேராய்ப் போனன். இளையதம்பியின்ர மனிசி முற்றத்தில நெல்லுக் காயப் போட்டுக்கொண்டு வாயைப் பிளந்து பாத்துக்கொண்டு நிண்டா. பாக்கட்டும் எண்டு போனன். தந்தியர் மேசையில கண்ணாடித் துண்டைத் துடைச்சுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டிட்டு முகம் மலர்ந்து எழும்பினார்.

"வாங்கோ தங்கச்சி. நீங்கள் கேக்க வந்தது விளங்குது. காலமை தேய்ச்சு முடிச்சிட்டன். இந்த முறை நல்லாய்க் கணக்குப் பாத்து எடுத்த இடம். கொலனியில எந்த ரேடியோவும் ஏமாறாது. ஒருத்தருக்கும் கேக்காது. நீங்கள் சப்பறத்தை நிம்மதியாய்க் கேக்கலாம்."

"ஆர் உங்களைத் தேய்க்கச் சொன்னது?" எண்டன். என்ர குரல் எனக்கே பெரிசாய்க் கேட்டது.

"ஊரே சொன்னதுதானே..."

"நான் சொன்னனானோ? வீடு வீடாய்ப் போனனீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?"

அவர் முழிச்சார். நான் விட்டுப் பிடிக்கேல்லை, எல்லாத்தையும் கொட்டிப்போட்டன். யாகப்பு பகிடி விட்டால் எனக்குத் தெரியும் எண்டும், பதில் வராத நாளுகளில நானும் சோறு தின்னேல்லை எண்டும், அவர் காத்திருக்கேக்க நானும் காத்திருந்தனான் எண்டும். அந்தாள் நம்பாத மாதிரி என்னைப் பாத்தார். கதவு நிலையில நகத்தால அவரின்ர அடியைத் தட்டிக் காட்டினன், அவர் அடிக்கிற அதே நீட்டு, அதே குறுக்கு. கதிரையைப் பிடிச்சுக்கொண்டு மெல்ல இருந்தார்.

"அண்டைக்குக் கஞ்சி அனுப்பினது..." எண்டார்.

"உங்கட கை இழுபட்டது. கேக்கத் தெரிஞ்சது."

பெட்டியில இருந்து கல்லைக் கழட்டி எடுத்தார். பிறகு சொன்னார்: "யாகப்பு போனாப் பிறகு எனக்கு ஒருத்தரும் பதில் சொன்னதில்லைத் தங்கச்சி. நீங்கள் இப்ப தட்டினதுதான் முதல்."

"அப்ப பழைய இடத்துக்குத் திரும்புங்கோ."

"தேய்ச்ச கல்லு இறங்காது. பென்சில் கரி பூசினால் ஒரு மயிரளவு இறங்கும், அதுவும் நிண்டு பிடிக்காது." கல்லை உள்ளங்கையில வைச்சுப் பாத்துக்கொண்டே சொன்னார். "புதுக்கல்லு எடுக்கலாம்தான். ஆனா ஊருக்கு வாக்குக் குடுத்திட்டனே. நல்லூரானுக்காகக் குடுத்த வாக்கு." பிறகு வாசலைப் பாத்தார். "நீங்கள் போங்கோ தங்கச்சி. பாத்துக்கொண்டு நிக்கினம். உங்களுக்கு என்னால ஒரு சொல் வரக்கூடாது."

சப்பறத்தண்டைக்கு எங்கட முற்றம் நிறையச் சனம். வருணனை சுத்தமாய்க் கேட்டது, மணிச்சத்தம்கூடத் தெளிவாய்க் கேட்டது. இளையதம்பி கற்பூரம் காட்டிப்போட்டு, "தந்தியர் மனிசன்தான், சொன்ன சொல்லுக் காப்பாத்திப்போட்டார்" எண்டார். எல்லாரும் ஓம் ஓம் எண்டினம். வீரகத்தி என்னையும் கும்பிட வரச்சொல்லிக் கூப்பிட்டார். போய்க் கும்பிட்டன். சுவாமியிட்டை ஒண்டும் கேக்கேல்லை.

சனம் கலைஞ்சாப் பிறகு யன்னலடிக்குப் போனன். வாய்க்காலுக்கு அங்கால லாம்பு எரிஞ்சது. தந்தியர் குனிஞ்சு அடிச்சுக்கொண்டிருந்தார், பிறகு கையை எடுத்திட்டு நிமிந்து இருந்தார். ஆரைக் கூப்பிட்டார், என்னத்தை அடிச்சார் எண்டு எனக்குத் தெரியேல்லை. ரேடியோவில பாட்டுத்தான் போகுது. முந்தி அந்தக் காத்திருப்பில நானும் இருந்தனான், அது அவருக்குத் தெரியாது. இப்ப அவர் தனிய இருக்கிறார், அது அவருக்குத் தெரியும்.